முறைத்தண்ணியும் கரண்டும்

1

போன வியாழக்கிழமை காலையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஃபோன் செய்து, நான் நலமா என்று கேட்டாள். பெர்த்துக்கு வந்து குடியேறிய இத்தனை வருஷத்தில், எதையும் என் தலையில் கட்டப் பார்க்காமல் என்னை நலம் விசாரித்த முதல் வெள்ளைக்காரி அவள்தான். எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஃபோனைக் காதில் வைத்தபடியே தலையை வாரிக்கொண்டேன். எதிரே நின்ற என் மனைவி சாந்தி அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அவள் போன வேகத்தில் எனக்கு மத்தியானச் சாப்பாடு சந்தேகமாயிற்று.

விஷயம் வேறு. முந்தின நாள் தோல் டாக்டரிடம் எனக்கு நேரம் குறித்திருந்தார்கள். நான் மறந்துவிட்டேன். "நீங்கள் வரவில்லையே, உடம்புக்கு முடியவில்லையோ என்று கவலைப்பட்டோம்" என்றாள். அடுத்த வாரம் வேறு நாள் தருகிறேன், காலையா மாலையா, எது உங்களுக்குச் சௌகரியம் என்றாள். மறந்தவன் நான். மன்னிப்புக் கேட்டவள் அவள்.

நன்றி சொல்லி ஃபோனை வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை. "எங்கள் அக்கா வரவில்லையே என்று ஏன் ஒருவரும் கூப்பிடவில்லை?" என்று கேட்டேன். ஆங்கிலத்தில்தான் கேட்டேன், அதுவும் பிழையில்லாத ஆங்கிலத்தில். கோபம் வந்தால் எனக்கு இலக்கணம் வந்துவிடும்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் ஓசை. "உங்கள் அக்காவும் எங்களிடம்தான் பார்க்கிறாரா? பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா?"

சரஸ்வதி என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். பாவம், நிஜமாகவே தேடினாள். "மன்னிக்கவும், அப்படி யாரும் இல்லையே" என்றாள்.

இல்லைதான். அக்கா போய் இந்த மாசத்தோடு ஒரு வருஷம் ஆகிறது.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் என் அசட்டுத்தனங்களை எழுதி உங்களைச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். இந்தத் தடவையும் அசட்டுத்தனம் இருக்கும், அது இல்லாமல் எனக்கு எழுத வராது. ஆனால் வெல்லம் குறைவு. கசந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தோல் டாக்டரிடம் எனக்கென்ன வேலை என்று ஊரில் உள்ளவர்கள் கேட்பீர்கள். என் நிறம் உங்களுக்குத் தெரியும். "உங்க தோலைப் பாக்கறதுக்கு அந்த டாக்டரு டார்ச் லைட்டு வெச்சிருப்பாருங்களா?" என்று கேட்டவள் என் சொந்த மனைவி.

இந்த ஊர் வெயில் நம் வெயில் மாதிரி இல்லை. ஆகாயத்தில் ஓசோன் என்று ஒரு போர்வை இருக்கிறதாம், அது தெற்குப் பக்கம் நைந்துவிட்டதாம். அதனால் வெயிலில் உள்ள விஷம் வடிகட்டாமல் இறங்கித் தோலில் புற்று வைக்கிறது என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் தொப்பி போடாத பிள்ளையை விளையாட விடுவதில்லை. தபால்காரர் மூக்கில் வெள்ளைக் களிம்பைப் பூசிக்கொண்டு வருகிறார். பார்த்தால் கூத்துக்கு வேஷம் கட்டிவிட்டுப் பாதியில் எழுந்து வந்தவர் போலிருக்கும். நான் பண்ணை பண்ணையாகப் போய்த் தண்ணீர்ப் பம்பு பழுது பார்ப்பவன். கோயமுத்தூரில் செய்த அதே வேலைதான், இங்கே பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு செய்கிறேன். வெயிலில் நிற்கிற வேலையாட்களைக் கம்பெனியே வருஷத்துக்கொரு முறை தோல் டாக்டரிடம் அனுப்பிவிடும்.

முதல் வருஷம் போனபோது அந்த டாக்டர் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு என்னை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். மாப்பிள்ளை பார்க்க வந்தபோது சாந்தி வீட்டார்கூட என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கல்யாணமே நடந்திருக்காது. கடைசியில் உள்ளங்காலுக்கு வந்தார். அங்கே ஒரு கறுப்புப் புள்ளி. அவர் முகம் மாறியது. நம் நிறத்து ஆட்களுக்கு அந்த வியாதி உள்ளங்காலில்தான் வரும் என்றார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த வாரமே வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் மரண சாசனம் தயாரித்தேன். புல்வெட்டும் இயந்திரம் பக்கத்து வீட்டுக்காரருக்கு, என் பழைய கோட்டு ஏழைகளுக்கு என்று.

முடிவு வந்தது. கால் ஆணி. கம்பெனி கொடுத்த பூட்ஸ் கடித்தது.

அன்றைக்குச் சாயங்காலமே கோபிசெட்டிபாளையத்துக்கு ஃபோன் போட்டு அக்காவிடம் சொன்னேன். அக்கா சிரித்த சிரிப்பில் லைன் இரைந்தது. "ஏஞ்சாமி, இங்கிருந்தா உங்க மாமனே பிளேடுல செதுக்கி உட்டிருப்பாரு. இதுக்குப் போயி ஏரோப்ளேன் ஏறிப் போனியா?"

சிரித்து முடித்துவிட்டு, "எனக்குங்கூடக் கன்னத்துக்குள்ள ஒரு புண்ணு கண்ணு. காரம் பட்டா எரியுது" என்றாள். "கெணத்துல தண்ணி கீழ போயிருச்சு. நாத்து உட்டிருக்குது. இந்தச் சோலிய முடிச்சுப்போட்டுப் பாத்துக்கலாம்."

அதே மாசம் என் மகள் கவிதா பள்ளிக்கூடத்துக்காக ஒரு படம் வரைந்தாள். பூமி சூடாகிக்கொண்டே போகிறது என்பது பாடம். பூமி உருண்டைக்கு முகம் வைத்து, வாயில் தெர்மாமீட்டர் சொருகி, பக்கத்தில் ஒரு பனிக்கரடியை அழவிட்டிருந்தாள். கரடி நன்றாக அழுதது. "கோபியையும் போடு அம்மணி, அங்கேயும் மழை இல்லை" என்றேன். உலகப் படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது மேப்ல இல்லையே அப்பா" என்றாள். தமிழில்தான் சொன்னாள். அவள் தமிழ் பேசினால் சந்தோஷப்பட வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஏற்பாடு. சந்தோஷப்பட்டேன்.

3

அக்காவின் நிலம் வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது. மேல்மடைக்காரர்கள் வயலெல்லாம் நிரம்பிய பிறகு மிச்சம் வந்தால்தான் அவர்களுக்கு. நான் பையனாக இருந்தபோது, அணையில் தண்ணீர் திறக்கிற நாள் மாரியம்மன் நோன்பு போல முன்கூட்டியே தெரிந்த நாள். மழை அதன் மாசத்தில் பெய்யும், தண்ணீர் அதன் மாசத்தில் வரும், கல்யாணம் காதுகுத்தெல்லாம் அதற்கு ஒதுங்கி நின்று நடக்கும். இப்போது ஆனியில் பெய்ய வேண்டியது ஆடியிலும் காணோம், ஆவணியிலும் காணோம். ரேடியோவில் தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு, கிணற்றின் அடித் தண்ணீரை இறைத்து நாற்று விட்டிருந்தார்கள். தண்ணீர் திறக்கவில்லை. நாற்று மட்டும் சொன்னபடி வளர்ந்துகொண்டிருந்தது.

வயலில் வேலை ஓடவில்லை என்பதால்தான் அக்கா கோயமுத்தூருக்குப் போனாள். மழை பொய்த்ததில் நடந்த ஒரே நல்ல காரியம் அது. பெரிய ஆஸ்பத்திரியில் கன்னத்திலிருந்து சதை எடுத்துப் பார்த்துப் புற்று என்றார்கள். அக்கா கல்யாணமான நாள் முதலாகப் புகையிலை போடுகிறவள். புண் அதனால் வந்தது. மழைமேல் அந்தப் பழியைப் போடமாட்டேன். மழைமேல் போட வேண்டிய பழி பின்னால் வருகிறது.

டாக்டர் இளவயசுக்காரர், நல்ல மாதிரி. "சீக்கிரமே வந்துட்டீங்கம்மா. கரண்டு வெச்சாக் குணமாயிரும். ஆறு வாரம், சனி ஞாயிறு தவிர தினமும் வரணும். நடுவுல மட்டும் விடக் கூடாது" என்றாராம். அக்கா "செரிங்க" என்றாளாம்.

அந்த "செரிங்க" பற்றி அந்த டாக்டருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். அவர் வேறு ஜில்லாக்காரர். கொங்குநாட்டில் "செரிங்க" என்றால் சம்மதம் என்று பொருளில்லை. தாங்கள் சொன்னது காதில் விழுந்தது, தங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, அவ்வளவுதான். நாங்கள் ஜப்தி செய்ய வந்தவனுக்கும் "செரிங்க" சொல்லி மோர் கொடுத்து அனுப்புகிற ஜனங்கள்.

கதிர் வைத்தியத்துக்கு ஊரில் கரண்டு வைப்பது என்றுதான் பெயர். நான் என் மேலதிகாரியிடம் அதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கி, "என் அக்காவுக்குத் தினமும் மின்சாரம் வைக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்கள் நாட்டில் பெண்களுக்கும் இந்தத் தண்டனை உண்டா? என்ன குற்றம் செய்தார்?" என்றார். விளக்கிச் சொல்ல அரைமணி நேரமாயிற்று. அதற்குப் பிறகும் அவர் முழுக்க நம்பினார் என்று சொல்ல முடியாது.

4

கோயமுத்தூரை ஒட்டிய துடியலூரில் எங்கள் பழைய வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகளை நாங்கள் வாடகைக்கு விடாமல் வைத்திருந்தோம். அக்கா அங்கே தங்கித் தினமும் டவுன் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளுக்குக் காலை முதல் ஆட்களில் ஒருத்தியாக நேரம் கொடுத்திருந்தார்கள். அங்கேதான் லூர்தம்மா பழக்கமானாள். தாராபுரத்துக்காரி, கணவன் இல்லை, ஆற்றோரம் கொஞ்சம் நெல் வயல், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். பாதிரியார் சொல்லி ஒரு கன்னிமாடத்தில் தங்கியிருந்தாள். தொண்டையில் புற்று. அக்கா சேர்ந்து இரண்டு வாரம் கழித்துச் சேர்ந்தவள் என்பதால் மத்தியான நேரம்தான் கிடைத்தது.

நான் கோயமுத்தூரில் வேலை பார்த்த காலத்தில் அந்த ஊரில் ஃபேன் வாங்குகிறவனைச் சீக்காளி என்று நினைப்பார்கள். அந்த வருஷம் ஆவணியில் சித்திரை வெயில். கரண்டு வைத்த இடத்துத் தோல் கறுத்து உரியும். தண்ணீர் படக் கூடாது, துணி உரசக் கூடாது, வெயில் படக் கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு வெயில் படாமல் பஸ் நிறுத்தத்துக்கு எப்படிப் போவது என்று மட்டும் சொல்வதில்லை. லூர்தம்மாவின் கழுத்து வெந்து போயிருந்தது.

புரட்டாசி பிறந்ததும் மலையில் மழை பிடித்துக்கொண்டது. கேட்டபோதெல்லாம் வராத மழை. அணையில் தண்ணீர் ஏறியது, வாய்க்காலைத் திறந்துவிட்டார்கள். அக்காவின் கணவர் பொன்னுசாமி மாமா துடியலூருக்கு வந்து நின்றார். அக்கா என்னிடம் ஃபோனில் இதைச் சொன்னபோது மாமாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"நாத்து முத்திக்கிட்டு இருக்குது சரசு. இன்னும் நாலு நாளு போனா மாட்டுக்குத்தான் அறுத்துப் போடோணும். நடவுக்கு ஆளுக கூப்புட்டா எனக்கு ஒருத்தியும் வரமாட்டீங்கறா. 'அக்கா வரட்டுமுங்க'ங்கறாளுக."

"மூஞ்சிய இப்பிடி உர்ருன்னு வெச்சுக்கிட்டா எவ வருவா?" என்று அக்கா சொன்னாளாம். அதைச் சொல்லிவிட்டு என்னிடமும் சிரித்தாள். வாய் புண்ணாகி இருந்ததால் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்திருக்கும். அடுத்து நடந்ததை அவள் எனக்குச் சொல்லவில்லை. லூர்தம்மா பிறகு சொல்லித்தான் தெரியும்.

முறைத்தண்ணி என்று ஒன்று உண்டு. கடைமடையில் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போதாது. இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை இன்னார் வயலுக்கு என்று முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். ஒரு வீட்டில் எழவோ கல்யாணமோ வந்தால், பக்கத்து வயல்காரர் அந்த முறையை எடுத்துக்கொண்டு பிற்பாடு தன் முறையைத் திருப்பிக் கொடுப்பார். எழுத்தில்லை, சாட்சியில்லை, பேச்சுத்தான். ஓடுகிற தண்ணீரை ஆளில்லாமல் வீணாக விடுவதுதான் பாவம், மாற்றிக்கொள்வது பாவமில்லை. அக்கா பிறந்தது முதல் அந்த ஏற்பாட்டில் வளர்ந்தவள். அதில் அவள் ஏமாந்ததும் இல்லை, யாரையும் ஏமாற்றியதும் இல்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் அக்கா லூர்தம்மாவிடம் சொன்னாள்: "அம்மணி, நாளையிலிருந்து எம்பட காலம்பர நேரத்த நீ எடுத்துக்கோ. வெயிலுக்கு முந்தி ஊடு போய்ச் சேந்துருவே. நான் நடவ முடிச்சுப்போட்டு வாரேன்."

"அப்ப உங்களுதுங்க அக்கா?"

"வந்து ரெண்டு ரெண்டாப் புடிச்சுக்கறேன். நீயும் உன்ற மத்தியானத்துல கொஞ்சம் எனக்கு உட்டுக்குடு."

"அதுக்கென்னுங்க, தாராளமாத் தாரேன்" என்றாளாம் லூர்தம்மா.

இரண்டு பேரும் வயல்காரிகள். இரண்டு பேருக்கும் இதில் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை.

காலையில் கரண்டு வைக்கிற மிஷின்காரரிடம் அக்கா, "எனக்குப் பதுலா இந்தம்மா வருவாங்க, மாத்திக்கிட்டமுங்க" என்று சொன்னாள். அவர், அக்கா மத்தியானத்துக்கு மாறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். மத்தியான மிஷின்காரர், சரஸ்வதி என்கிற ஆள் காலையில் வருகிறவள், நமக்கென்ன என்று இருந்தார். மேல்நாட்டிலிருந்து வந்த அந்தப் பெரிய இயந்திரத்துக்கு இரண்டு பக்கமும் நல்லவர்கள் நின்றார்கள். நடுவில் அக்கா இல்லை. அது ஒருவருக்கும் தெரியவில்லை.

5

நடவு முடிந்தது. மழை முடியவில்லை.

வருஷம் முழுவதற்குமான மழையை யாரோ சாக்கிலிருந்து கொட்டியது போல் பெய்ததாம். ஊருக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே உள்ள தரைப்பாலம் முழுகிப்போனது. பஸ் இல்லை. பாலத்தின் ஒரு பக்கம் மண் அரித்து விழுந்தது. நட்ட நாற்று தண்ணீருக்கடியில் கிடந்து அழுகியது. முதலில் தண்ணீர் இல்லாமல் காத்திருந்த நாற்று, பிறகு தண்ணீரிலேயே செத்தது. நாலு நாள் என்று போன அக்கா மூன்று வாரம் அங்கேயே அகப்பட்டுக்கொண்டாள்.

வெள்ளம் கொஞ்சம் வடிந்த பிறகு மாமா எப்படியோ டவுனுக்கு நடந்து போய், ஃபோன் பூத்திலிருந்து பேசினார்.

"மாப்ள, நல்லாயிருக்கீங்களா? அம்மணி பள்ளிக்கோடம் போவுதா? அங்க மழையா?"

"எல்லாரும் நல்லாயிருக்கமுங்க மாமா. அக்கா எப்படி இருக்குது? கரண்டு முடிஞ்சுதுங்களா?"

"அது வந்துங்க மாப்ள..." என்று ஆரம்பித்து மாமா வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார், பாலத்தைப் பற்றிச் சொன்னார், ஒரு எருமை அடித்துக்கொண்டு போனதைப் பற்றிச் சொன்னார். எங்கள் பக்கத்தில் கெட்ட செய்தியை வாசலில் நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, தண்ணீர் கொடுத்த பிறகுதான் உள்ளே விடுவோம். எருமைக்குப் பிறகு மாமா சொன்னார்: "கன்னம் மறுக்கா வீங்கிட்டுதுங்க மாப்ள. கஞ்சிகூட எறங்க மாட்டேங்குது. 'போயி உட்டதையெல்லாம் சேத்துப் புடிச்சுக்கறேன்'னு சொல்லிட்டிருக்கறா."

லீவு கேட்டேன். ஆபீஸில் லீவு பார்க்கிற அம்மாள் ரொம்ப இரக்கமானவள். நெருங்கிய உறவினர் இறந்துவிட்டால் துக்க லீவு உண்டு, மரணப் படுக்கையில் இருந்தாலும் உண்டு என்றாள். "உங்கள் அக்கா மரணப் படுக்கையிலா?" என்று கேட்டாள். இல்லை, இனிமேல் அப்படி ஆகாமல் தடுக்கத்தான் போகிறேன் என்றேன். அவள் விதிகளைத் திரும்ப ஒருமுறை படித்துப் பார்த்தாள். செத்தால் லீவு, சாகக் கிடந்தால் லீவு. சாகாமல் தடுப்பதற்கு லீவு கிடையாது. உல்லாசப் பயணம் என்ற கணக்கில் எடுத்துக்கொண்டேன். ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பி வருவதற்குப் பாஸ்போர்ட்டில் ஒரு அனுமதி முத்திரை வாங்க வேண்டியிருந்தது. அந்த வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்றவர் பாலித் தீவுக்கு நிஜமாகவே உல்லாசமாகப் போகிறவர். "நீங்களுமா? வெயில் காயத்தானே?" என்றார். ஆமாம் என்றேன்.

கிளம்பும்போது கவிதா கேட்டாள்: "அத்தை ஏன் சும்மா ஒரு ஃபோன் பண்ணி வேற டேட் கேக்கல?"

அவள் மேல் தப்பில்லை. அவள் வளர்கிற ஊரில் அப்படித்தான் செய்வார்கள். வேறு தேதி எப்போதும் இருக்கும் ஊர் இது. பாலம் முழுகியதை, ஃபோன் கம்பி அறுந்ததை, ஃபோன் செய்தாலும் எடுக்கிற மேஜை எது என்று ஒருவருக்கும் தெரியாததை அவளுக்கு நான் தமிழில் விளக்கினால் அவளுக்குப் புரியாது. ஆங்கிலத்தில் விளக்கினால் எனக்கே அது கட்டுக்கதை போல இருக்கும். "அத்தைக்குத் தோணலை அம்மணி" என்று மட்டும் சொன்னேன். "ஓகே" என்றாள். தொப்பியை எடுத்துக்கொண்டு விளையாடப் போனாள்.

6

நான் போய்ச் சேர்ந்த மறுநாளே அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கன்னம் ஒரு பக்கம் உப்பி, கண் சிறுத்திருந்தது. அப்படியும் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "கால் ஆணி எப்புடிக் கண்ணு இருக்குது?" வாயில் எச்சிலே ஊறுவதில்லை என்று பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு வார்த்தைக்கு வார்த்தை நனைத்துக்கொண்டு பேசினாள்.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஏம்மா, நடுவுல விடக் கூடாதுன்னு அத்தனை தடவை சொன்னேனே" என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் அந்தக் குரலில் அதிகம் இருந்தது.

"உடலீங்களே" என்றாள் அக்கா. "மாத்தித்தானுங்க வெச்சிருக்கறேன். லூர்தம்மாகிட்ட இருக்குதுங்க. நாளைக்கே அவகிட்ட வாங்கிக்கறேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

அவர் பேசியதும் தமிழ், அக்கா பேசியதும் தமிழ். இருந்தும் நடுவில் மொழிபெயர்க்க ஒருவன் வேண்டியிருந்தது. வெளிநாட்டில் இருந்து வந்ததற்கு அந்த ஒரு பிரயோஜனம். முறைத்தண்ணியைப் பற்றி நான் அவருக்குச் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டார்.

"விட்ட நாள்ல அது திரும்ப வளந்துருச்சுங்கம்மா. முன்னைவிடப் பெருசா வளந்துருக்கு. முதல்லயிருந்து கரண்டு வெக்கவும் முடியாது, இதுக்கு மேல சதை தாங்காது." என் பக்கம் திரும்பி, "வலிக்கு மருந்து எழுதித் தர்றேன்" என்றார்.

நான் ஏதேதோ கேட்டேன். மெட்ராஸ் என்றேன், பம்பாய் என்றேன், என் ஊருக்கே கூட்டிப் போய்விடட்டுமா என்றேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பதில்கள் எல்லாம் ஒன்றுதான். அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளே எழுந்து, "உங்களுக்கு நெம்பச் செரமங் குடுத்துட்டமுங்க" என்று டாக்டரைக் கும்பிட்டாள்.

வெளியே வந்தால் கரண்டு வைக்கிற அறை வாசலில் ஒரே சத்தம். மிஷின்காரர் புது ஆள். கையில் அட்டையோடு கதவருகில் நின்று, "லூர்தம்மா, லூர்தம்மா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போயிருந்தார். பெஞ்சில் கழுத்தில் வெள்ளைத் துணியோடு ஒருத்தி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தானுங்க லூர்தம்மா. ஆனா நான் வரலீங்க. அந்தக்கா வந்துட்டாங்கன்னு சொன்னாங்க. இனி அவுங்க முறைதானுங்க. அவுங்க முடிச்ச பொறவு மிச்சமிருந்தா நான் வாரேன்."

"அப்படியெல்லாம் மாத்த முடியாதும்மா. உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. வாங்க."

"இத்தன நாளு அவுங்க நேரத்தத்தானுங்க நான் எடுத்துட்டிருந்தேன். திருப்பிக் குடுக்காம எப்புடிங்க நான் உள்ள போயிப் படுக்கறது?"

பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "இதென்ன கொடுமையா இருக்குது, ஆளாளுக்கு வேண்டாங்கறாங்க" என்றார் ஒரு பெரியவர். மிஷின்காரர், இன்றைக்கு வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன், பிறகு உங்கள் பாடு என்றார். லூர்தம்மா எழுந்திருப்பதாக இல்லை. அவள் முகத்தில் பிடிவாதம்கூட இல்லை, வெறும் நியாயம்தான் இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா பாட்டிலைத் திறந்து வாயை நனைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எந்திரி அம்மணி."

"நீங்க போங்கக்கா. நான் காத்துட்டிருக்கறேன்."

"எனக்கு முடிஞ்சு போச்சு. இனி வேண்டாமுன்னு டாக்டரு இப்பத்தான் சொன்னாரு."

லூர்தம்மா அக்காவின் கன்னத்தைப் பார்த்தாள். "இத்தன வீக்கமா இருக்குதுங்களே?"

"அது கரண்டு வெச்ச வீக்கம். போகப் போக வடிஞ்சிரும்."

"நெசமாலுமுங்களா?"

"என்ற தம்பியக் கேளு. ஆஸ்திரேலியாவுல இருந்து வந்திருக்கறான். அவ்வளவு தூரத்துல இருந்து பொய் சொல்றதுக்கா வருவான்?"

லூர்தம்மா என்னை அண்ணாந்து பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். நான் ஆயுசு பூராவும் விளையாட்டுக்குப் பொய் சொல்லிப் பழகியவன். முகம் மாறாமல் தலையை ஆட்டினேன். "ஆமாங்க, முடிஞ்சிருச்சுங்க" என்றேன்.

அதற்குப் பிறகும் அவள் யோசித்தாள். அக்கா யோசிக்க விடவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, தோளில் கைபோட்டு, வாசல் வரைக்கும் அழைத்துப்போனாள். வாசலில் நிற்காமல் உள்ளேயே போய்விட்டாள். கதவிடுக்கில் நான் பார்த்தேன். இயந்திரத்துக்கடியில் அவளைப் படுக்க வைத்து, கழுத்துத் துணியைப் பதமாக எடுத்து மடித்து, தலையைச் சரியாகத் திருப்பி வைத்தாள். எப்படித் திருப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மிஷின்காரர் பின்னாலேயே போனார். கையிலிருந்த அட்டையையும் இரண்டு பெண்களையும் பார்த்துக் குழம்பினார்.

"அம்மா, நீங்க யாரு? நீங்களும் பேஷண்டா, இல்ல கூட வந்தவங்களா?"

அக்கா தண்ணீர் பாட்டிலை வெளியே என்னிடம் விட்டுப் போயிருந்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டு தரம் விழுங்கப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"கூட வந்தவதானுங்க."

"கூட வந்தவங்க வெளியே நிக்கணும்மா" என்றார் அவர். அக்கா வெளியே வந்து நின்றாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.